நாலு மில்லிமீட்டர் மரமும் சவப்பெட்டிக் கடையும்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களின் பார்வைக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறோம். இந்த வரியைக் கடித வழக்கத்துக்காக எழுதவில்லை. தாங்கள் சென்ற வாரம் எழுதிய கடிதத்தில் முதல் கேள்வியே அதுதான் என்பதால் எழுதுகிறேன். தங்கள் சின்ன மாப்பிள்ளை பஸ்ஸில் போகும்போது என்னைச் சவப்பெட்டிக் கடை வாசலில் பார்த்தது உண்மை. கடைக்காரர் என் தோளில் கைவைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததும் உண்மை. பிறகு அவர் டேப்பை எடுத்து என்னை அளந்ததும் உண்மை. ஆனால் இந்த மூன்று உண்மைகளையும் கூட்டி மாப்பிள்ளை எடுத்த முடிவு உண்மையல்ல. பஸ் சிக்னலில் நின்றதால்தான் அவருக்கு இவ்வளவு காட்சி கிடைத்திருக்கிறது. நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒருவேளை சாப்பாட்டை விட்டிருக்க வேண்டியதில்லை. எனினும் அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தங்கள் தங்கை நாலரை மாதத்துக்கு முன் துணி வாளியோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டது தாங்கள் அறிந்ததே. தாங்கள் வந்து அவளைப் பார்த்தீர்கள், படிக்கட்டையும் பார்த்தீர்கள், முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் வீட்டில் ஒரு லிஃப்ட் இல்லையே என்று சொல்லிவிட்டும் போனீர்கள். அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டன. மற்ற மூன்றும் யாரோ வந்து மறந்துவிட்டுப் போன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னார். வரும், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம் என்றார். பிசியோதெரபி அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கச் சொன்னார்.

சமையலுக்கு அவள் சமாளித்துக்கொண்டாள். துணி மடிக்கவும் சமாளித்தாள். சமாளிக்க முடியாமல் போனது சீட்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, ஓய்வு பெற்ற நர்ஸம்மா, மூலைவீட்டு அம்மா, உங்கள் தங்கை, இந்த நாலு பேரும் பதினெட்டு வருஷமாகத் தினமும் நாலு மணிக்கு உட்கார்ந்து ரம்மி ஆடுகிறவர்கள் என்பதும், அதில் உங்கள் தங்கைதான் ராணி என்பதும் உங்களுக்குத் தெரியும். கட்டுப் பிரித்த மறுநாள் ஆசை ஆசையாகப் போனாள். பதிமூன்று சீட்டையும் விசிறி மாதிரி விரித்துப் பிடிக்க இரண்டு விரல் போதவில்லை. மூன்று தடவை சீட்டு மொத்தமும் மேஜைமேல் முகம் தெரிய விழுந்திருக்கிறது. மூன்று தடவையும் மற்ற மூன்று பேரும் பார்க்காத மாதிரி தலையை நிமிர்த்திச் சீலிங் ஃபேனைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மைதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆடித் தோற்றிருந்தால்கூட மறுநாள் போயிருப்பாள். வீட்டுக்கு வந்து, தலைவலி என்றாள். மறுநாளும் தலைவலி. அதற்கு மறுநாளிலிருந்து தலைவலி என்றும் சொல்லவில்லை. நாலு மணி ஆனால் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். எதிர்வீட்டில் சிரிக்கிற சத்தம் நன்றாகக் கேட்கும்.

மச்சான், நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, உங்களுக்கே தெரியும். கல்யாணமான புதிதில் நீங்களே அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த நாற்காலியில் அவளை அப்படிப் பார்த்த நாலாவது நாள் நான் ஒரு முடிவு பண்ணிவிட்டேன். விரல் வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் அந்தப் பதிமூணு சீட்டையும் பிடிச்சுக்கிட்டு நிற்கிற ஒரு சாமானை எப்படியாவது அவ முன்னாடி கொண்டுவந்து வைக்கிறது என் பொறுப்பு. இதில் பின்வாங்கறதில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

முதல்ல கடையில விக்கற பிளாஸ்டிக் ஸ்டாண்டு ஒண்ணு தருவிச்சேன். அவ அதைக் கையில வாங்கி முன்னும் பின்னும் பார்த்தா. பெட்டிமேல ஆறு வயசுக்கு மேற்பட்டவர்களுக்குன்னு போட்டிருந்ததையும் படிச்சா. பதிமூணு சீட்டையும் அதுல சொருகினதும் அது பின்பக்கமாச் சாய்ஞ்சு மல்லாக்கப் படுத்துடுச்சு. மறுநாள் காலையில அது பாத்ரூம்ல இருந்தது, அதுமேல சோப்பு இருந்தது. அந்த வேலைக்கு அது ரொம்பப் பொருத்தம்னு நானும் ஒத்துக்கறேன்.

சரி, நாமே மரத்துல செய்யறதுன்னு உட்கார்ந்து படம் போட்டேன். அடியில கனமா ஒரு கட்டை. அதுமேல படி படியா மூணு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு மெல்லிசுப் பலகை, நடுவுல சீட்டு நிக்கற அளவுக்கு இடுக்கு. ஆக மொத்தம் ஆறு பலகை. ஒவ்வொண்ணும் பதினாலு அங்குல நீளம், ரெண்டு அங்குல உயரம், கனம் நாலே நாலு மில்லிமீட்டர். அதுக்கு மேல கனம் போனா ஸ்டாண்டு கோட்டைச் சுவர் மாதிரி ஆயிடும், சீட்டோட நம்பர் மறையும். மரம் கெட்டியான ஜாதியா இருக்கணும். எப்படித் தெரியும்னா, பழப்பெட்டிப் பலகையில ஒண்ணு அறுத்துப் பார்த்தேன், பிஸ்கட் மாதிரி கையோட வந்துடுச்சு. அடிக்கட்டைக்குப் பழைய மேஜை இழுப்பறையோட முகப்பு இருந்தது. பாக்கி ஆறு துண்டு. ஒரு சாயங்காலத்துல வாங்கிட்டு வந்துடலாம்னு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன். அந்தச் சாயங்காலம் முடிய பத்து வாரம் ஆச்சு.

முதல்ல போனது மரவாடிக்கு. பெரிய வாடி. உள்ளே நுழைஞ்சா ரெண்டு பக்கமும் யானை படுத்திருக்கிற மாதிரி கட்டைங்க. முதலாளி என் பையைப் பார்த்துட்டு, எத்தனை லோடு வேணும்னு கேட்டாரு. நான் ஆபீஸ்ல இருந்து ஓய்வு பெறும்போது கையோட கொண்டுவந்த வெர்னியர் காலிப்பரை எடுத்து, நாலு மில்லிமீட்டருக்கு வச்சு, அந்த இடைவெளியை அவருகிட்ட காட்டினேன். அவரு அதுவழியா என்னைப் பார்த்தாரு. அப்புறம் ரம்பத்தை நிறுத்தச் சொல்லி வேலையாட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, சார் கேக்கறதைக் கொஞ்சம் பாருங்கன்னாரு. அவங்க வரிசையா வந்து பார்த்தாங்க. ஒரு அங்குலத்துக்குக் குறைஞ்சு நாங்க அறுக்கறதில்லை சார், நீங்க சொல்றது பலகை இல்லை, அட்டை, அதுக்குப் புஸ்தகக் கடைக்குப் போகணும்னாரு. நான் கோபப்படலை. நன்றி சொல்லிட்டுப் பிளைவுட் கடைக்குப் போனேன். அங்க அதுக்கு நேர் எதிர். அவர்கிட்ட நிஜ மரம் இருந்தது, ஆனா காகிதம் மாதிரி சுருட்டி வச்சிருந்தாரு, அரை மில்லிமீட்டர். இது சுவரலமாரிக்கு மேலே ஒட்டற தோல்னு சொன்னாரு. எட்டுத் தோலை ஒட்டினா நாலு மில்லிமீட்டர் ஆகுமே சார்னு கணக்குச் சொன்னாரு. கணக்கு சரிதான். ஆனா எட்டை ஒட்டி ஒண்ணாக்கினா அதுக்குப் பேர்தான் பிளைவுட்டு, ஓரம் சிலும்பும், அது வேணாம்னுதானே நான் பேச்சையே ஆரம்பிச்சேன்.

கடைத்தெரு சரிப்படாதுன்னு இன்டர்நெட்டுல தேடினேன். அதுல இல்லாத மரம் இல்லை. நாலு மில்லிமீட்டர் வால்நட்டு, அழகா படம் போட்டிருந்தான். ஆர்டர் பண்ணி ஒன்பது நாள் கழிச்சுப் பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அதுக்குள்ள காகிதம், காகிதத்துக்குள்ள இன்னொரு பெட்டி, அதுக்குள்ள தீப்பெட்டி அளவுல ஒரு துண்டு. நிறம் பார்க்கறதுக்கான மாதிரின்னு பின்னாடி ஒட்டியிருந்தது. தப்பு என்மேலதான், கண்ணாடி போடாம அமுக்கியிருக்கேன். விடலை. வேற இடத்துல, கண்ணாடி போட்டுக்கிட்டு, நீளம் அகலம் மூணு தடவை படிச்சுப் பார்த்து ஆர்டர் பண்ணினேன். சரியான அளவுல ஆறு பலகை வந்தது. மேஜைமேல வச்சேன், தொட்டில் மாதிரி ஆடுச்சு. திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் ஆடுச்சு. ஆறும் ஆறு திசையில முறுக்கிக்கிட்டு நின்னுது. போன் போட்டுக் கேட்டேன். அந்தப் பொண்ணு ரொம்பப் பணிவா, மரம் ஒரு இயற்கைப் பொருள் சார், கொஞ்சம் வளையத்தான் செய்யும்னு சொல்லுச்சு. நானும் இயற்கைப் பொருள்தாம்மா, அறுபத்திமூணு வயசாகுது, இன்னும் நேராத்தான் நிக்கறேன்னு சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட பதில் எழுதி வைக்கலை போல இருக்கு, சூப்பர்வைசரைக் கேட்டுச் சொல்றேன்னு வச்சுடுச்சு.

இதுக்குள்ள அஞ்சு வாரம் ஓடிப்போச்சு. உங்க தங்கை இதையெல்லாம் பார்த்துக்கிட்டுதான் இருந்தா. ஒரு நாள், எதுக்குங்க இவ்வளவு அலைச்சல், பேசாம வீட்ல இருங்களேன்னா. அவ அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வைராக்கியமாப் போச்சு. மரவாடியில ஒரு அங்குலப் பலகை தர்றேன்னாங்களே, அதையே வாங்கி மெல்லிசாக்கிட்டா என்னன்னு தோணுச்சு. பீச்னு சொல்ற கெட்டி மரத்துல நல்ல பலகை ஒண்ணு வாங்கி, இழைப்பு மெஷின் வச்சிருக்கிற ஒரு நாற்காலிக் கடைக்காரர்கிட்ட கொண்டுபோனேன். அவரு தங்கமான மனுஷன். பலகையைத் தட்டிப் பார்த்து, எவ்வளவு வேணும்னாரு, நாலுன்னேன், மீதி இருபத்தொண்ணு என்ன ஆகும்னு யோசிச்சீங்களான்னாரு. யோசிக்கலை. மெஷினைப் போட்டாரு. ஒவ்வொரு தடவை பலகை உள்ளே போய் வரும்போதும் அது மெலிஞ்சுது, தரையில குவியல் ஏறுச்சு. பதினஞ்சு, பன்னிரண்டு, எட்டு. நான் காலிப்பரோட நின்னுக்கிட்டே இருந்தேன். ஆறுல நிறுத்திக்கலாம் சார், அதுக்குக் கீழே போனா தாங்காதுன்னாரு. நான்தான் இன்னும் ரெண்டே ரெண்டுன்னேன். உள்ளே போச்சு. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வெளியே ஒண்ணும் வரலை. கடைக்காரர் மெஷினை நிறுத்திட்டு, என்னை உட்காரவச்சு டீ வாங்கிக் கொடுத்தாரு. ரெண்டு சாக்கு நிறைய இழைப்புச் சுருள் இருந்தது. அது என் மரம், விட்டுட்டு வர எனக்கு மனசில்லை. ரெண்டு சாக்கையும் பஸ்ல ஏத்திக்கிட்டு வந்தேன். கண்டக்டர் முயல் வளர்க்கிறீங்களான்னு கேட்டாரு. வீட்ல உங்க தங்கை கதவைத் திறந்து, மரம் எங்கன்னு கேட்டா. இதுதான்னு சாக்கைக் காட்டினேன். அவ என்னமோ சொல்ல வாயெடுத்தா, அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு, கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்னுட்டா.

இப்போ சவப்பெட்டிக்கு வர்றேன். அந்த நாற்காலிக் கடைக்காரர்தான் சொன்னாரு, சவப்பெட்டி செய்யறவங்க மூடி ஓரத்துக்கு மெல்லிசா மரச்சட்டம் வச்சு அலங்காரம் பண்ணுவாங்க, அங்க கேட்டுப் பாருங்கன்னு. சரின்னு போனேன். கடைக்காரர் வெள்ளைச் சட்டை, மெல்லிசான குரல். நான் மரம் வேணும்னு ஆரம்பிச்சதுமே நாற்காலியை இழுத்துப் போட்டு, யாருக்கு சார்னு கேட்டாரு.

"என் மனைவிக்கு."

தலையைக் குனிஞ்சாரு. "எப்போ?"

"அடுத்த வாரத்துக்குள்ள முடிஞ்சா நல்லது. பாவம், ரொம்ப நாளாச்சு."

ஒரு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டாரு. அப்புறம் நீளம் கேட்டாரு. பதினாலு அங்குலம்னேன். தண்ணி வேணுமான்னு கேட்டாரு. மரம் எந்தக் கனத்துல பார்க்கிறீங்கன்னாரு. நாலு மில்லிமீட்டர்தான், அதுக்கு மேல போனா முரட்டுத்தனமா இருக்கும், அவளுக்குப் பிடிக்காதுன்னேன்.

"நாலு மில்லிமீட்டர் தாங்காது சார்."

"தாங்கும். மொத்தமே பதிமூணுதானே."

அப்போதான் மச்சான், அவரு எழுந்து வாசல்வரைக்கும் என்னைக் காத்தாட அழைச்சுக்கிட்டு வந்து தோள்ல கையை வச்சாரு. உங்க மாப்பிள்ளை வந்த பஸ் சிக்னல்ல நின்னதும் அப்போதான். வீட்ல வேற பெரியவங்க யாராவது இருக்காங்களா, அவங்களை வரச் சொல்லுங்க சார்னாரு. சீட்டாடறதுக்கு எதுக்குப் பெரியவங்கன்னு நான் கேட்டப்புறம்தான் ரெண்டு பேருக்கும் விஷயம் விளங்குச்சு. அவரு சிரிக்கலை. அந்தத் தொழில்ல இருக்கிறவங்க சிரிக்காம இருக்கப் பழகிட்டாங்க போல. ஸ்டாண்டோட நீளம் உட்கார்ந்த ஆளோட ரெண்டு முழங்கைக்கு நடுவுல அடங்கணும், பதினாலு சரிதானான்னு பார்த்துடலாம்னு டேப்பை எடுத்து என்னை அளந்தாரு. உங்க தங்கைக்கும் எனக்கும் தோள் அகலம் ஏறக்குறைய ஒண்ணுதான், இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. தன்கிட்ட இருக்கறதெல்லாம் மெத்து மரம், மேலே மட்டும் தோல் ஒட்டினது, உங்க வேலைக்கு ஆகாதுன்னு உள்ளதைச் சொன்னாரு. ஆனா ஒரு நல்ல வார்த்தையும் சொன்னாரு. மெல்லிசு மரத்தை யாரும் விக்கமாட்டாங்க, கனமான மரத்தை நிறுத்திவச்சு ரொட்டி அரியற மாதிரி நெடுக அரியணும், அப்படி அரியறவங்க கிடார் வயலின் செய்யறவங்கதான், அங்க போங்கன்னு விலாசம் எழுதிக் கொடுத்தாரு. இவ்வளவு உதவி பண்ணின மனுஷனைப் பத்தித்தான் உங்க வீட்ல அப்படி ஒரு பேச்சு.

அந்தக் கிடார் பட்டறை மூணாவது மாடியில. லிஃப்ட் வேலை செய்யலை. வேலை செய்யலைன்னு போர்டு மாட்டியிருந்ததுல தேதி போடலை, அதை மனசுல குறிச்சுக்கிட்டு மாடியேறினேன். பட்டறைக்காரம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டிருந்தாங்க. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க நான் பத்து வாரமா கனவு கண்ட சாமான். மெல்லிசு மெல்லிசா, நேர் நேரா, ஒவ்வொண்ணு மேலயும் பென்சில்ல வருஷம் எழுதி அடுக்கி வச்சிருந்தாங்க. ஆறு துண்டு வேணும்னேன். இது விக்கறதுக்கு இல்லைன்னாங்க. எட்டு வருஷம் காயப்போட்ட மரம், ஒவ்வொண்ணும் ஒரு கிடாருக்குன்னு பிறந்தது, சோப்புப் பெட்டி செய்யறதுக்குக் கொடுக்கமாட்டேன்னாங்க. சோப்புப் பெட்டி ஏற்கனவே இருக்குன்னு சொல்லிப் பார்த்தேன், எடுபடலை. மறுநாள் போனேன். வேலையா இருக்கேன்னாங்க. இருங்க, நான் நிக்கறேன்னு நின்னேன். மத்தியானம்வரை நின்னுட்டு வந்தேன். மூணாம் நாளும் போனேன். அன்னைக்கு அவங்க ரம்பத்தை நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கிக் கண்ணுல போட்டுக்கிட்டு, உங்களுக்கு என்னதான் சார் வேணும்னாங்க.

நான் படத்தை எடுக்கலை, காலிப்பரையும் எடுக்கலை. உங்க தங்கை கையிலேர்ந்து சீட்டு மூணு தடவை விழுந்ததையும், மூணு பேரும் மேலே ஃபேனைப் பார்த்ததையும் மட்டும் சொன்னேன். அதை நான் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை மச்சான்.

அவங்க தன்னோட இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "எந்த விரல் வரலை?"

"நடுவிரல்லேர்ந்து மூணும்."

"எனக்கு அந்த மூணும் போனா கடையை மூட வேண்டியதுதான்" அப்படின்னு எழுந்தாங்க.

ஓரத்துல கணு விழுந்து ஒதுக்கி வச்ச ஒரு மேப்பிள் கட்டையை எடுத்து, நாடா மாதிரி சுத்தற ஒரு ரம்பத்துல நிறுத்திவச்சு, மூச்சுவிடாம ஆறு தடவை தள்ளினாங்க. ஆறு பலகை சாய்ஞ்சுது. ஒரு சீவு சீவினா நாலு வரும், அஞ்சா வச்சிருக்கேன், கொண்டுபோனதும் கை வைக்காதீங்கன்னாங்க. அறுத்த மரம் உள்ளுக்குள்ள இறுகியிருந்ததை இப்போதான் விடுது, ஒண்ணு மேல ஒண்ணா நடுவுல குச்சி வச்சு அடுக்கி, மேலே பாரம் ஏத்தி ரெண்டு வாரம் விட்டுடணும், அவசரப்பட்டா உங்களுக்கு மறுபடியும் ஆறு தொட்டில்தான் கிடைக்கும்னு சொல்லி அனுப்பினாங்க. இறங்கும்போது நான் அந்த லிஃப்டோட கதவுப் பூட்டைச் சரிபண்ணிட்டு வந்தேன். கூலின்னு வேற எதையும் அவங்க வாங்கிக்கலை.

அந்த ரெண்டு வாரமும் நான் வீட்டை விட்டு நகரலை. பாரத்துக்கு இஸ்திரிப்பெட்டி, அகராதி ரெண்டு பாகம், அம்பது கிலோ எடைக்கல்லு கிடைக்கலைன்னு அரிசி மூட்டை. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை காலிப்பரை வச்சு ஆறு பலகையையும் மூணு மூணு இடத்துல அளந்து நோட்டுல எழுதினேன். இந்த ரெண்டு வாரமும் உங்க தங்கை ஏனோ வழக்கத்தைவிடச் சிடுசிடுன்னு இருந்தா. இவ்வளவு நேரம் வீட்டுக்குள்ளயே இருக்கீங்களே, வெளியே எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லையான்னு தினமும் கேட்டா. கை வராத ஏக்கம்தான்னு நினைச்சுப் பொறுத்துக்கிட்டேன்.

பதினஞ்சாம் நாள் பிரிச்சேன். ஆறும் ஆணி அடிச்ச மாதிரி நேரா இருந்தது. சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, நாலு புள்ளி பூஜ்யம்னு காலிப்பர் காட்டினதும் அதை நோட்டுல எழுதி அடியில ரெண்டு கோடு போட்டேன். அடிக்கட்டையில பள்ளம் எடுத்து, பசை போட்டு, ஆறையும் நிறுத்தி, காயட்டும்னு சாப்பாட்டு மேஜைமேல விட்டேன். காலையில பார்த்தா ஸ்டாண்டு மேஜையோட ஒட்டிக்கிட்டிருந்தது. பசை வழிஞ்சு அடியில போயிருக்கு. நான் பதறிப்போய் நின்னேன். உங்க தங்கைதான் வந்து ஸ்டாண்டை இடது கையால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால காய் நறுக்கற கத்தியை அடியில கொடுத்து ஒரே இழுப்புல பெயர்த்து எடுத்தா. அவ சமயோசிதம் எப்பவுமே அப்படித்தான்.

அன்னைக்கே நாலு மணிக்கு அவளை முன்னால நடக்கவிட்டு, ஸ்டாண்டை ஒரு துண்டுல சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மூணு பேரும் மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்தாங்க. நடுவுல வச்சுத் துண்டை எடுத்தேன். சீட்டுப் போட்டாங்க. பதிமூணும் மூணு வரிசையில ஏறி, அசையாம, ஒண்ணை ஒண்ணு மறைக்காம நின்னுது. முதல் ஆட்டமே உங்க தங்கைதான் ஜெயிச்சா. நர்ஸம்மா கைக்குட்டையால முகத்தை மூடிக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாங்க. மூலைவீட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. தையல்காரம்மா டீ எடுத்துட்டு வர்றேன்னு அடுக்களைக்குப் போனவங்க ரொம்ப நேரம் வரவே இல்லை. அந்தப் பெண்களுக்கு உங்க தங்கைமேல இருக்கிற பாசத்தை நான் அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். எனக்கும் அங்க நிக்க முடியலை. வீட்டுக்கு வந்து, ஜன்னல் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு அது வழக்கத்தைவிட அதிகமாவே கேட்டுச்சு.

ஆகையால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். யாருக்கும் பெட்டி சொல்லவில்லை. எடுத்த காரியம் முடிந்தது. உளியையும் ரம்பத்தையும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். இனி மரத்தைத் தேடி இந்த வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று உறுதி செய்திருக்கிறேன். வருகிற முதல் தேதியிலிருந்து முழு நேரமும் வீட்டிலேயே இருந்து தங்கள் தங்கைக்குக் கைக்கு உதவியாக இருப்பதாக உத்தேசம். அடுக்களை அலமாரியில் சாமான்கள் வைத்திருக்கும் முறையில் பல அடிப்படைத் தவறுகள் இருப்பதைச் சென்ற இரண்டு வாரங்களில் கவனித்தேன். எடை அதிகமானவை கீழே, அடிக்கடி எடுப்பவை கண்ணுக்கு நேரே என்று ஒரு வரைபடம் தயார் செய்துவிட்டேன். முதல் தேதி காலையில் ஆரம்பிக்கிறேன்.

அங்கு அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் ஆளுக்குக் குறையாமல் பங்கிட்டுக் கொடுக்கவும். சின்ன மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லி, பஸ்ஸில் போகும்போது முன்பக்கமே பார்த்துக்கொண்டு போவது கழுத்துக்கு நல்லது என்று நான் சொன்னதாகச் சொல்லவும். தாங்கள் நூறு வயது தாண்டியும் யாருடைய அளவுக்கும் அகப்படாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். அவரு ஸ்டாம்ப் வாங்கக் கீழே போயிருக்காரு, வர்றதுக்குள்ள எழுதிடணும். என் விரல் மூணும் கட்டுப் பிரிச்ச ஆறாவது வாரமே மடங்கிடுச்சு. அதைச் சொல்லத்தான் அன்னைக்குக் கதவைத் திறந்தேன். ரெண்டு சாக்குத் தூளோட நின்னாரு. தலையெல்லாம் மரச்சுருள். தோத்துப்போன மூஞ்சியா இருக்கும்னு பார்த்தா, ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் முகத்துல. எனக்குச் சொல்ல வாய் வரலை. அப்புறம் நாளாயிடுச்சு, இனிமே எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அவரு பத்து மணிக்கு பஸ் ஏறினா பத்தேகாலுக்கு நான் எதிர்வீட்டுல இருப்பேன். எல்லாரும் எனக்காகச் சீட்டைக் காலைக்கு மாத்திக்கிட்டாங்க. சாயங்காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தது ஆடின அலுப்புக்குக் காத்து வாங்க. ஸ்டாண்டு வந்த அன்னைக்கு நாலு மணிக்கு மூணு பேரையும் உட்கார வச்சது நான்தான், நர்ஸம்மாவும் அன்னைக்கு அழலை. தோள் அகலத்தைப் பத்தி அவரு எழுதினதையும் படிச்சேன், அதை அப்புறம் பேசிக்கறேன்.

ஸ்டாண்டு ரொம்ப அழகா இருக்கு அண்ணா. அதைத் தொடும்போதெல்லாம் மனசு என்னமோ பண்ணுது. அதுலதான் ஆடறேன், இனிமேலும் அதுலதான் ஆடுவேன், ரெண்டு கையும் சும்மா இருக்கறதால டீ ஆறாம குடிக்க முடியுது. ஆனா அடுக்களை வரைபடத்தை நான் பார்த்துட்டேன். உப்பு ஜாடியைப் பரண்ல போட்டிருக்காரு. அதனால இந்தக் கடிதம் கிடைச்ச உடனே, முதல் தேதிக்கு முன்னால வந்து சேர்ற மாதிரி அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. உங்களுக்கும் கை நடுங்குது, சீட்டுப் பிடிக்க முடியலை, ஒரு ஸ்டாண்டு வேணும்னு கேளுங்க. நீங்க சீட்டே ஆடமாட்டீங்கங்கறது அவருக்கு ஞாபகம் வராது, மரம்னு படிச்சதுமே பையை எடுத்துடுவாரு. பலகை மூணு மில்லிமீட்டர்னு மறக்காம போடுங்க. நாலு எங்க கிடைக்கும்னு அவருக்கு இப்போ தெரிஞ்சுபோச்சு.